வெர்னாவின் ஓட்டு

வூஸ்டர், மாசசூசெட்ஸ்
ஆகஸ்ட் 14

அன்புள்ள ஆரின்,

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடுகளை விற்ற பிறகும் பால் கறக்கும் நேரத்துக்கே விழித்துக்கொள்கிறாயா? நான் சௌக்கியம். மகள் டெஸ்ஸாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்பது உனக்கே தெரியும். போன நவம்பரில், நன்றி நவிலும் விருந்து நாளன்று, இறந்துபோன வெர்னாவின் காலி நாற்காலிக்கு முன்னால் நீ உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, "போன தேர்தலில் நீயும் உன் பெண்டாட்டியும் போட்டது குப்பைத்தொட்டி ஓட்டு" என்று சொல்லிவிட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. நமக்குப் போன் ஒத்துவராது. கடிதத்தில் கத்த முடியாது, அது ஒரு நன்மை.

விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்ஸாவுக்குச் சிறுநீரகம் மாற்றி மூன்று வருஷம் ஆகிறது. அது உடம்பில் தங்கவேண்டுமானால் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடவேண்டும். அந்தச் செலவை இப்போது ஓர் அரசாங்கச் சட்டம் தாங்குகிறது. பதவிக்கு வந்த முதல் நாளே அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிவேன் என்று யானைக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மேடைக்கு மேடை சொல்கிறார். இந்த முறையும் விஸ்கான்சின்தான் தீர்மானிக்கும் என்கிறார்கள். உன் மாநிலம், ஆரின்.

இந்த ஒரு தடவை எங்கள் கழுதைக் கட்சிக்குப் போடு. உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
மார்லிஸ்


எல்க் ஃபோர்க், விஸ்கான்சின்
ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. மாடு இல்லாத கொட்டகையில் காலை நாலரை மணிக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன். டெஸ்ஸாவை விசாரித்ததாகச் சொல்.

உன் கழுதைக்கு நான் ஏன் போடவேண்டும்? சிறு பண்ணைகளை ஒழித்த சட்டத்துக்கு யானையும் கழுதையும் சேர்ந்துதான் கை தூக்கின. இந்தச் சாலையில் பதினோரு பண்ணை இருந்தன, இப்போது இரண்டு. வெர்னா அப்போதே பொதுநிலக் கட்சியில் சேர்ந்தாள். சாலையோரக் கட்சிப் பலகைகளை எல்லாம் அவளே அடித்து நட்டாள். நான் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனவன், அவ்வளவுதான்.

போன தேர்தலில் இந்த ஊரில் எண்பத்தெட்டு ஓட்டு விழுந்தது. இங்கே எண்ணுவது எப்படி என்று நினைவிருக்கிறதா? எட்டு மணிக்கு ஊர்க் கூடத்தின் வாசலைப் பூட்டாமலே ஊர் கிளார்க் லவோன் சீட்டுகளைக் கொட்டி எண்ணி, எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பாள். "பொதுநிலம், ரெண்டு" என்று வாசித்ததும் மொத்தக் கூடமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. வெர்னா எழுந்து குனிந்து வணக்கம் போட்டாள். ஒரே சிரிப்பு.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என்னிடம் சொன்னாள்: "அடுத்த தடவை நீ தனியாப் போகணும், ஆரின். வெக்கப்படாதே. ஒண்ணுன்னு வாசிச்சாலும் வாசிக்கத்தானே வேணும்?"

அதற்குப் பிறகு அவள் தேர்தல் பேசவில்லை. இந்த முறை எங்கள் வேட்பாளர் திருமதி கார்வெல். ஒன்று விழும். உன் கோரிக்கைக்கு என்னால் முடியாது.

நீ நன்றாக இரு.

ஆரின்


வூஸ்டர்
செப்டம்பர் 9

அன்புள்ள ஆரின்,

நலம். நீயும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வெர்னாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திருமதி கார்வெல் ஜெயிக்கப்போவதில்லை. அது அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், உன் நாய்க்கும் தெரியும். ஜெயிக்காத ஆளுக்கு ஓட்டுப் போடுவது பெரிய மனசு என்று நினைக்கிறாய். அந்தப் பெரிய மனசுக்கு என் மகள் விலை கொடுக்கவேண்டுமா? ஒவ்வொரு மூன்று மாதமும் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் அவள் சாப்பாட்டைத் தொடமாட்டாள். போன வாரம் என்னிடம் கேட்டாள்: "அம்மா, மாமா எங்களுக்கு எதிரா ஓட்டுப் போடப்போறாராமே, நெஜமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. நீயே சொல்லிக்கொள்.

நாற்பத்தொரு வருஷமாக எங்கள் வார்டில் கட்சி வேலை பார்க்கிறேன். மழையில் படி ஏறி இறங்கியிருக்கிறேன். உன்னைப் போல ஒதுங்கி நின்று கை கழுவிக்கொள்ளத் தெரியவில்லை எனக்கு.

மாத்திரை போட்டுக்கொள். முழங்காலுக்குத் தைலம் மட்டும் போதாது.

மார்லிஸ்


எல்க் ஃபோர்க்
செப்டம்பர் 30

அக்கா,

சௌக்கியம்.

டெஸ்ஸாவை நடுவில் நிறுத்தாதே. ஒன்பது வயதில் இங்கே வந்து கோடை முழுவதும் ஒரு நொண்டிக் கன்றுக்குப் புட்டியில் பால் ஊட்டினாளே, அந்தப் பெண்ணுக்கு எதிராக நான் என்று நீ எப்படி எழுதலாம்? அதைக் கேட்கவைத்தது நீதான். என்னைக் குனியவைக்க உனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

இந்தப் பதிலை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

அவள் எத்தனை மாத்திரை சாப்பிடுகிறாள்? காலையிலா, ராத்திரியுமா?

ஆரின்


வூஸ்டர்
அக்டோபர் 6

அன்புள்ள ஆரின்,

நீ நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் ஐந்து, ராத்திரி நாலு. நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். எழுந்து போய் அந்தக் கன்றுக்குட்டிப் படத்தைத் தேடி எடுத்து வந்தாள்.

எனக்கு ஒரு யோசனை. கட்சி ஆபீசில் பேசிக்கொண்டார்கள், சில பேர் ஓட்டை மாற்றிக்கொள்கிறார்களாம். ஜனாதிபதியை மாநிலம் மாநிலமாகத்தானே தீர்மானிக்கிறார்கள், இங்கே மாசசூசெட்ஸில் தெருவிளக்குக் கம்பத்தை நிறுத்தினாலும் கழுதைதான் ஜெயிக்கும். என் ஓட்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அங்கே உன் ஓட்டுதான் முக்கியம். ஆகவே நீ அங்கே எனக்காகக் கழுதைக்குப் போடு. நான் இங்கே உனக்காகக் கார்வெல்லுக்குப் போடுகிறேன். நாடு முழுக்கக் கூட்டினால் உன் கட்சிக்கு ஒன்றும் குறையாது. வெர்னாவின் ஓட்டு இந்த ஊரில் விழும், அவ்வளவுதான்.

நாற்பத்தொரு வருஷத்தில் கட்சி மாறிக் குத்தாதவள் எழுதுகிறேன். இது எனக்கு லேசான காரியம் என்று நினைக்காதே.

சீக்கிரம் பதில் போடு. நாள் இல்லை.

மார்லிஸ்


எல்க் ஃபோர்க்
அக்டோபர் 18

அன்புள்ள அக்கா,

நலம். இங்கே மேப்பிள் இலை எல்லாம் கொட்டிவிட்டது. குளிர்காலக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டாயா?

ஒரு வாரமாக யோசித்தேன். வெர்னாவின் கல்லறைக்கு இரண்டு தடவை போய் வந்தேன். அவள் இருந்திருந்தால் முதலில் என்னைத் திட்டியிருப்பாள், அப்புறம் டெஸ்ஸாவுக்காகச் சரி என்றிருப்பாள்.

சரி, செய்கிறேன்.

உன்னிடம் கையெழுத்தெல்லாம் கேட்கவில்லை. சீட்டை மூடிய பிறகு யார் எதற்குப் போட்டார்கள் என்று எவனாலும் காட்டமுடியாது. உன் வார்த்தையை மட்டும் நம்பித்தான் போகிறேன். கார்வெல் பெயருக்கு எதிரே வட்டத்தை நிரப்பும்போது வெர்னாவை நினைத்துக்கொள். அது அவளுடையது.

எண்ணுகிற அன்று மாலை பொதுநிலக் கட்சியின் பார்வையாளராக நான்தான் கூடத்தில் உட்காரவேண்டும். வேறு ஆள் இல்லை, பெயரும் கொடுத்தாகிவிட்டது. அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

டெஸ்ஸாவிடம் சொல்லிவிடு, மாமா அவள் பக்கம் என்று.

ஆரின்


வூஸ்டர்
நவம்பர் 10

அன்புத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? எங்கள் வீட்டில் இரண்டு நாளாக யாருக்கும் சரியான தூக்கமில்லை. சந்தோஷத்தில்தான்.

விஸ்கான்சின் வெறும் அறுநூற்றுச் சொச்ச ஓட்டு வித்தியாசத்தில் நம் பக்கம் வந்தது! அந்த எண் டிவியில் வந்ததும் டெஸ்ஸா என் மடியில் விழுந்து அழுதாள். "மாமா, மாமா" என்றுதான் சொன்னாள். ஒரு ஓட்டால் என்ன ஆகும் என்று இனி எவனும் என்னிடம் பேசமுடியாது. நீ செய்ததை நாங்கள் சாகும்வரை மறக்கமாட்டோம்.

நானும் காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டேன். நல்ல குளிர், நல்ல கூட்டம்.

அங்கே எண்ணிக்கை எல்லாம் எப்படிப் போனது? லவோன் இன்னும் அதே மூக்குக்கண்ணாடிதானா? விவரமாக எழுது.

டெஸ்ஸா முத்தம் அனுப்பச் சொன்னாள்.

மார்லிஸ்


எல்க் ஃபோர்க்
நவம்பர் 26

அன்புள்ள அக்கா,

டெஸ்ஸாவின் செய்தி மனசுக்கு நிறைவாக இருந்தது. மான் வேட்டை தொடங்கிவிட்டது. நான் போகவில்லை, முழங்கால். அதே காரணத்தால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காப்பிக்கும் கீழே இறங்குவதில்லை.

எண்ணிக்கை ஒழுங்காக நடந்தது. லவோன் கண்ணாடியை மாற்றிவிட்டாள்.

நேற்று நூலகத்துக்குப் போய், அங்கே இருக்கும் பெண்ணிடம் சொல்லி உன் வார்டின் முடிவைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தேன். கார்வெல்: முப்பத்தொன்று. அந்தப் பெண் அதை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். வெட்டி, வெர்னாவின் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். முப்பது பேர் நமக்குத் தெரியாதவர்கள். ஒன்று அவள்.

நன்றி அக்கா. உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பற்றிப் போன வருஷம் நினைத்ததை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பனியில் பார்த்து நட.

ஆரின்


எல்க் ஃபோர்க்
டிசம்பர் 12

அன்புள்ள மார்லிஸ்,

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவையாக இருக்கும். நீயும் பிள்ளையும் நலம்தானே? என் கணவரும் நானும் வயசுக்கு ஏற்றபடி இருக்கிறோம்.

ஆரினைப் பற்றி எழுதுகிறேன். அவன் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான்.

தேர்தல் அன்று சாயங்காலம் பார்வையாளர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். சட்டையில் வெர்னாவின் பச்சை நிறப் பொதுநிலக் கட்சி வில்லையைக் குத்தியிருந்தான். தொண்ணூற்றொரு சீட்டு. யானை ஐம்பத்தொன்று, கழுதை நாற்பது. பொதுநிலத்துக்கு ஒன்றுமே இல்லை. எனக்கே நம்பிக்கை வராமல் இரண்டு தடவை எண்ணினேன். ஒரு சீட்டாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் வாசித்தேன்: "கார்வெல், சைபர்."

தீவன மில் ஜெரால்ட் பாக்கனை உனக்குத் தெரியுமே. உடனே ஆரம்பித்துவிட்டான். "என்னப்பா ஆரின், உன் ஓட்டையே உன் ஆளுக்குப் போடலையா? நாலு வருஷமா எங்க காதுல ரத்தம் வர்ற வரைக்கும் பேசினியே!" கூடமே சிரித்தது. பின்னாலிருந்து வேறு யாரோ, "வெர்னா போனா, கொள்கையும் கூடவே போயிடுச்சு" என்றார்கள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆரின் எழுந்து மேஜைக்கு வந்தான்.

"எண்ணினது சரியாத்தான் இருக்கு லவோன். எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டான். போட்டான். வில்லையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனான். அன்று முதல் எங்கேயும் வருவதில்லை. மில்லுக்கும் இல்லை, சர்ச் காப்பிக்கும் இல்லை. சாலையோரப் பலகைகளை அவனே பிடுங்கிவிட்டான்.

சின்ன வயசிலிருந்து அவனை எனக்குத் தெரியும். பயந்தவனும் இல்லை, பொய்யனும் இல்லை. உனக்கு ஏதாவது தெரியுமா?

பண்டிகை வாழ்த்துகள்.

லவோன்


வூஸ்டர்
ஜனவரி 8

ஆரின்,

நீ எப்படி இருக்கிறாய் என்று லவோன் எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கூடத்தில் வாய்விட்டு வாசிப்பார்கள் என்று ஆகஸ்டிலேயே நீ எழுதியிருந்தாய். நான் படித்தேன், சிரித்தேன், அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பல்லாயிரம் ஓட்டு விழும் ஊரிலேயே இருந்து இருந்து, ஒரு ஓட்டுக்கு முகம் உண்டு என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. உனக்கு மறக்கவில்லை. தெரிந்தேதான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாய்.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

நான் போடவில்லை ஆரின்.

வரிசையில் நிற்கும்வரை போடத்தான் நினைத்தேன். தடுப்புக்குள் போய் கார்வெல் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தின் மேல் பேனாவை வைத்தேன். ஒரு புள்ளி கூட விழுந்தது. அதற்கு மேல் கை நகரவில்லை. ஒருவேளை இங்கேயும் எல்லாரும் இப்படி மாற்றிப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். டெஸ்ஸாவை நினைத்தேன். அதெல்லாம் பிறகு நான் தேடிக்கொண்ட சாக்கு. நாற்பத்தொரு வருஷப் பழக்கம், அவ்வளவுதான். கழுதைக்கு எதிரே இருந்ததை நிரப்பிவிட்டு வெளியே வந்தேன். "ஓட்டுப் போட்டேன்" என்ற ஸ்டிக்கர் கொடுத்தார்கள், கோட்டில் ஒட்டிக்கொண்டேன்.

உனக்கு எழுதும்போது "ஓட்டுப் போட்டுவிட்டேன்" என்று மட்டும் எழுதினேன். பொய் எழுதவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

உன் ஆணியில் தொங்கும் அந்த முப்பத்தொன்றில் வெர்னா இல்லை. முப்பத்தொரு பேரும் யாரோ. நீ உன் வார்த்தையைக் காப்பாற்றினாய், அந்த சைபர் ஊருக்கே அதைச் சொல்லிவிட்டது. நான் கவிழ்த்தேன், என் வார்டில் அது யாருக்கும் தெரியவில்லை.

லவோனுக்கும் ஜெரால்டுக்கும் உண்மையை எழுதிவிடட்டுமா? நீ சொன்னால் இன்றே எழுதுகிறேன். உன் மேல் விழுந்த பேச்சாவது போகட்டும்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். பதில் மட்டும் போடு.

மார்லிஸ்


வூஸ்டர்
பிப்ரவரி 20

அன்புள்ள ஆரின்,

நலமா?

டெஸ்ஸாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "மாமாவைத் தனியா நிக்க வெச்சுட்டியேம்மா" என்றாள்.

கடிதம் வரும் நேரத்துக்குத் தினமும் வாசலில் நிற்கிறேன். வசைக் கடிதமாக இருந்தாலும் சரி.

மார்லிஸ்


எல்க் ஃபோர்க்
ஏப்ரல் 6

அக்கா,

சௌக்கியம். பனி உருகிச் சாலை எல்லாம் சேறு.

உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்த அன்று அதை அடுப்பில் போடப் போனேன். பிறகு வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். மூன்று மாதமாக உன் மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுதத் தாள் போதாது. ஊர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். அங்கே அவளுக்கு ஒன்று விழுந்திருக்கிறது என்ற நினைப்பில்தான் தாங்கினேன். நீ அந்த நினைப்பையும் பிடுங்கிவிட்டாய். இதை நான் சொல்லாமல் விட்டால் நமக்குள் அது அழுகிப்போகும், அதனால் சொல்கிறேன்.

நீ யாருக்கும் எதுவும் எழுதவேண்டாம். "என் அக்கா கேட்டாள், அதனால் போட்டேன்" என்று ஊருக்குச் சமாதானம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. போட்டது என் கை.

போன செவ்வாய்க்கிழமை இங்கே ஊர்த் தேர்தல். கான்ஸ்டபிள் பதவிக்கு இந்த வருஷம் ஒருவரும் மனுப் போடவில்லை. தெருநாய் பிடிக்கிற வேலைக்கு யார் வருவார்கள்? சீட்டில் அந்த இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது, பெயரை நாமே எழுதவேண்டும். பேனாவை எடுத்து எழுதினேன். வெர்னா ட்வெய்ட்.

எட்டு மணிக்குக் கூடத்துக்குப் போனேன். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கான்ஸ்டபிள் வந்ததும் லவோன் வாசித்தாள். ஜெரால்டுக்கு ஒன்பது, அவன் தம்பிக்கு நாலு, யாரோ ஒரு குறும்பன் தன் நாயின் பெயரை எழுதியிருந்தான், அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த சீட்டை எடுத்தவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இறந்தவர் பெயர் வந்தால் பெயரைச் சொல்லாமல் "மற்றவை" என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போவதுதான் முறை. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"வெர்னா ட்வெய்ட்," என்றாள். "ஒண்ணு."

கூடம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எழுந்து, வெர்னா அன்று செய்த மாதிரியே குனிந்து ஒரு வணக்கம் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. வாசலில் ஜெரால்ட் வந்து பக்கத்தில் நின்றான். "ஜெயிச்சது நான்தானாம்ப்பா. அவ நின்னிருந்தா எனக்கு ஒத்த ஓட்டுக் கூட விழுந்திருக்காது" என்றான். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அடுத்த தடவை மாற்றிக்கொள்ளும் பேச்சே வேண்டாம். உன்னுடையதை நீ போடு, என்னுடையதை நான் போட்டுக்கொள்கிறேன்.

டெஸ்ஸாவுக்கு மாத்திரை தடையில்லாமல் வருகிறதா? இன்னும் காலையில் ஐந்து, ராத்திரி நாலுதானா? அதை எழுது. ஜூனில் அவளை இங்கே அனுப்பு, கன்று இல்லாவிட்டாலும் கொட்டகை இருக்கிறது. நீயும் வருவதானால் வா. போன் செய்தால் எடுப்பேன். அரசியல் பேசினால் வைத்துவிடுவேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

ஆரின்

பி.கு. உன் வார்டு முடிவை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். வெர்னா பெயர் எழுதிய அந்தச் சீட்டைத் தரமுடியாது, சட்டம் என்றாள் லவோன். ஆனால் ஒரு துண்டுத் தாளில் பெயரையும் எண்ணையும் தன் கையால் எழுதி, ஊர் முத்திரையும் குத்திக் கொடுத்தாள். இப்போது அதுதான் மாட்டியிருக்கிறது.